மீசையா, பொட்டா?

"ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட்டு அந்த அக்காவிடமிருந்து தப்பித்தவர் யாரும் கிடையாது. மூன்று வருடம் முயன்று பார்த்தவள் சொல்கிறேன், நம்புங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமக்கிரியை அழைப்பு எல்லாம் அடித்துக் கொடுப்பார்கள். நான் அங்கே கணினியில் டிசைன் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். கவுண்டரில் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பவர் அந்த அக்கா. ஐம்பது தாண்டியவர், கிள்ளானிலிருந்து தினமும் ரயிலில் வருவார். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் ஒரு மிஷின். மிஷின் போட்டால் எல்லாம் கேட்கும், கண்ணாடி போட்டால் கண் தெரிகிற மாதிரி என்றுதான் நானும் முதல் நாள் நினைத்தேன். அப்படி இல்லை. "ஆள் பேசுற சத்தம் வருது, என்னா பேசுறாருன்னு வரல" என்று அவரே சொல்வார். மிச்சத்தை நம் வாயைப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

நம் வாயைப் பார்த்துப் பொறுக்க விடுவது எவ்வளவு பெரிய தொல்லை என்று எனக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு நாள் பாஸ் தலைக்குப் புதிதாக டை அடித்துக்கொண்டு வந்தார். வெயிலில் நடந்து வந்ததில் அது நெற்றியில் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. குனிந்த தலை நிமிராமல், "பாஸோட டை நெத்தியில ரோடு போட்டிருக்கு பாத்தீங்களா" என்றேன். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"என்னா சொன்ன?"

"ஒன்னுமில்லக்கா."

கையிலிருந்த பேனாவை மூடினார். ஆர்டர் புத்தகத்தை மூடினார். இரண்டு கைகளையும் கவுண்டர்மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். எதிரே மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

"அக்கா, ஆளுங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும். நீ என்னமோ சொன்ன. அது எனக்கு வேணும்."

"சும்மா ஜோக் லா."

"ஜோக்குன்னா நானும் சிரிக்கணும்ல?"

வாயைத் திறந்தும் திறக்காமலும் இரண்டாவது தடவை சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. வரிசையில் நின்ற ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். எரிச்சலில் மூன்றாவது தடவை நன்றாக நிமிர்ந்து, உரக்கவே சொல்லிவிட்டேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். வரிசையில் நின்ற மூவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் காப்பிக் குவளையோடு நின்றிருந்த பாஸ் மட்டும் சிரிக்கவில்லை. நேராகப் போய் நெற்றியைக் கழுவிவிட்டு வந்தவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் என் மேசை திரும்பியது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். முதுகோடு பேச முடியாது என்று அக்கா பாஸிடம் சொல்லி, என்னைத் தன் முகம் பார்த்து உட்கார வைத்துவிட்டார். இதனால் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் முழுக்க என் முகத்திலும் கணினித் திரையிலும் விழுந்தது. சிவப்பு எது, குங்கும நிறம் எது என்று தெரியாமல் மூன்று வருடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கல்யாணப் பத்திரிகை போட்டவள் நான். "உனக்குக் கண்ணு கூசுதுன்னா தொப்பி போட்டுக்க" என்று ஒரு தொப்பியும் வாங்கிக் கொடுத்தார். தொப்பி போட்டால் என் முகத்தில் நிழல் விழுகிறது, வாய் தெரியவில்லை என்று அவரே மறுநாள் அதைக் கழற்றச் சொன்னார்.

இப்படி அவரிடம் சட்டங்கள் நிறைய. பேசும் முன் மேசையைத் தட்ட வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே பேசக்கூடாது. கத்தக்கூடாது. இதுதான் புதிதாக வருகிறவர்களுக்குப் புரியவே புரியாது. காது கேட்காது என்று தெரிந்தவுடன் அத்தனை பேரும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவார்கள். கத்தினால் வாய் கோணிக்கொள்ளும், ஒரு எழுத்தும் தெரியாது. "சார், நான் தூரத்துல இல்ல, இங்கதான் இருக்கேன். மெதுவா சொல்லுங்க" என்பார். வெளியே மோனோரயில் போகும்போது ஒரு கையைத் தூக்கிவிடுவார். அது போய் முடியும்வரை கஸ்டமர் வாயைத் திறக்கக்கூடாது. பெரிய பெரிய கோயில் தலைவர்கள்கூட அந்தக் கைக்குக் கட்டுப்பட்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

போன் எடுக்கமாட்டார். வாட்சப்தான். நம் ஆட்களுக்கோ எழுதச் சோம்பல், எதற்கெடுத்தாலும் குரலைப் பதிவு செய்து அனுப்புவார்கள். அக்கா "எழுதி அனுப்புங்க" என்று பதில் போடுவார். அவர்கள் "எழுத முடியாது அக்கா, கார் ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்று மறுபடியும் குரலிலேயே அனுப்புவார்கள். கடைசியில் அந்தப் போன் என் மேசைக்கு வரும். நான் கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தடவை கிள்ளானிலிருந்து ஒரு கல்யாண வீட்டு அம்மா ஏழு நிமிடம் பேசி அனுப்பியிருந்தார். அதில் ஆறு நிமிடம் சம்பந்தி வீட்டாரைத் திட்டியிருந்தார். பத்திரிகைக்கு வேண்டியது கடைசி ஒரு நிமிடம்தான், அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அக்கா போனைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"ஏழு நிமிசத்துக்கு இவ்வளவுதானா?"

"மத்ததெல்லாம் வேலைக்கு ஆகாதுக்கா."

"ஆகுமா ஆகாதான்னு நான் பாக்குறேன். எழுது."

சம்பந்தி வீட்டுச் சண்டை முழுவதையும் உட்கார்ந்து எழுதினேன். படித்து முடித்து, "பாவம், மாப்பிள்ள நல்ல பையன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் தொல்லையைக் குறைக்கத்தான் அவர் போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தேன். நாம் பேசினால் அது தமிழில் எழுதிக் காட்டும். ஆனால் அது படித்தது வேறு ஊர்த் தமிழ், நாம் பேசுவது இந்த ஊர்த் தமிழ். ஒரு வெள்ளிக்கிழமை பாஸ் வேகமாக உள்ளே வந்து, "பேப்பர் லோரி ஜாம்ல மாட்டிக்கிச்சு" என்றார். அக்கா போனைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. போனைத் திருப்பிப் பாஸிடம் காட்டினார். 'பேப்பர் லாரி ஜாமில் மாட்டுக்கறி' என்று இருந்தது.

"பாஸ், இன்னிக்கு வெள்ளிக்கெழம" என்றார் அக்கா, கண்டிப்பாக.

ஆப் அத்தோடு போயிற்று. திரும்பவும் நான்தான் ஆப்.

மத்தியானம் சாப்பிடப் போனால் அது ஒரு தனிக் கூத்து. தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடையில் காலி மேசை இருந்தால் உட்காரலாம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அக்கா நிற்பார். டிவிக்குக் கீழே வேண்டாம், ஜூஸ் அடிக்கிற மிஷின் பக்கம் வேண்டாம், காற்றாடிக்கு அடியில் வேண்டாம். அவர் முதுகுக்குச் சுவர் வேண்டும், எங்கள் முகத்துக்கு வெளிச்சம் வேண்டும். நல்ல இடம் கிடைக்கும்வரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே சுற்றுவேன். ஒரு நாள் பசி தாங்காமல் கேட்டேவிட்டேன்.

"ஏன்கா, சாப்புடத்தானே வந்தோம்? பேசாமச் சாப்பிட்டா என்ன? ஒன்னு ரெண்டு வார்த்த கேக்கலன்னா குடியா முழுகிடும்?"

ரொட்டி சானாயைப் பிய்த்தபடியே சொன்னார். "முழுகிச்சே. என் மக கல்யாணத்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலதான் பேசி முடிச்சாங்க. நானும் அங்கதான் ஒக்காந்திருந்தேன். எல்லாருக்கும் பரிமாறினதே நான்தான். என்னா பேசுறீங்கன்னு கேட்டேன். வீட்டுக்காரு ஒன்னுமில்லன்னாரு. மகளக் கேட்டேன், அப்புறம் சொல்றேன்மான்னா. தேதிய நான் குடும்ப வாட்சப் குரூப்ல பாத்தேன். என் தங்கச்சி அமெரிக்காவுல இருக்கா, எனக்கு முன்னாடி அவ வாழ்த்து போட்டுட்டா."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அவங்க யாரும் கெட்டவங்க இல்ல" என்றார். "அவங்களுக்கு வாய் வலி. ரெண்டாவது தடவ சொல்ல வலிக்குது. அதான் ஒன்னுமில்ல. அன்னிக்கு முடிவு பண்ணேன். இனிமே எவன் ஒன்னுமில்லன்னாலும் விடமாட்டேன்."

இதைக் கேட்ட பிறகு நான் திருந்திவிட்டேன் என்று சொன்னால் அது பொய். இரண்டு நாள் நன்றாக இருந்தேன். மூன்றாம் நாள் மறுபடியும் எரிந்து விழுந்தேன். ஒருவர்மேல் இரக்கப்படுவது சுலபம். அவருக்காக ஒரு நாளைக்கு இருபது தடவை எழுந்து போவது வேறு விஷயம்.

இனி மீசைக்கும் பொட்டுக்கும் வருகிறேன். நீங்கள் கண்ணாடி முன்னால் நின்று, சத்தம் வராமல் 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'அப்பா' என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஒட்டும், ஒரே மாதிரிதான் பிரியும். படமும் மடமும் ஒன்று. பட்டும் மட்டும் ஒன்று. "நம்ம தமிழ்ல இந்தப் பானாவும் மானாவும் சேந்து என்னக் கொல்லுது" என்பார் அக்கா. பெற்றவர்களைக் கூப்பிடும் சொற்களே வாயில் ஒன்றாகத் தெரிகிற மொழியில், பத்திரிகை அடிக்கிற கடையில் ஆர்டர் எடுக்கிறவருக்கு எப்படி இருக்கும்?

அதற்கு அவரே ஒரு வழி வைத்திருந்தார். அப்பா என்றால் கஸ்டமர் மேலுதட்டைத் தடவிக் காட்ட வேண்டும். அம்மா என்றால் நெற்றியில் விரல் வைக்க வேண்டும். மகள் என்றால் ஜடை பின்ன வேண்டும், மகன் என்றால் சும்மா நிற்கலாம். எழுதிக் கொடுக்கச் சொன்னால் பாதிப் பேர், "நீங்களே எழுதிக்குங்க லா அக்கா" என்று நழுவுவார்கள். அதனால் இந்த நாடகம். கடைசியில் எழுதியதை வாய்விட்டுப் படித்து, "சரியா?" என்று கேட்பார். தலையாட்டிய பிறகுதான் ஆளை விடுவார். கல்யாண வீட்டார் சிரித்துக்கொண்டே செய்வார்கள். நானே இப்போது சுபாங் ஜெயாவில் வேறு வேலையில் இருக்கிறேன். அங்கே 'எங்க அப்பா' என்று சொல்லும்போது கை தானாக மேலுதட்டுக்குப் போகிறது. மீசை மழிக்கவில்லையா என்று ஒருத்தி கேட்டுவிட்டாள்.

ஆனால் சாவு வீட்டார் வரும்போது எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாது. கண் சிவந்து, குரல் உடைந்து ஒருவர் வந்து நிற்பார். அக்கா பேனாவை எடுத்துக்கொண்டு, "தவறினது யாருங்க? மீசையா, பொட்டா?" என்பார். ஒரு நாள் ஒரு பெரியவர் அழுதுகொண்டே நெற்றியில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்க மறந்து அப்படியே நின்றார். அவர் போனதும் நான் அக்காவின் மேசையைத் தட்டினேன், சட்டப்படி.

"அக்கா, செத்த வீட்டுக்காரங்ககிட்ட இப்படியா கேப்பாங்க? எனக்கு அசிங்கமா இருக்கு."

"தப்பா அடிச்சா அத விட அசிங்கம்."

"இருக்கட்டும். அவங்கள மட்டும் விட்டுருங்க. மீச பொட்டெல்லாம் வேணாம், திருப்பித் திருப்பிப் படிச்சுக் காட்டவும் வேணாம். என்னயக் கேளுங்க, நான் சொல்றேன்."

ஒரு வாரம் இதையே சொல்லி நச்சரித்தேன். கடைசியில் ஒப்புக்கொண்டார். "சரி. சாவு ஆர்டருக்கு மட்டும் உன் வாயை நம்புறேன்" என்றார். இரண்டு மாதம் அப்படியே நடந்தது. அவர் திரும்புவார், நான் மீசையையோ பொட்டையோ மறைவாகக் காட்டுவேன், அவர் எழுதுவார்.

முகக்கவசம் கட்டாயமில்லை என்று ஆகியிருந்த காலம் அது. ஆனாலும் பாதிப் பேர் அதைக் கழற்றவில்லை. அப்படிக் கவசத்தோடு, இருமிக்கொண்டு ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். அவர் சொன்னது எனக்குக் கேட்டது, "அப்பாவோட கருமக்கிரியைக்கு கார்டு." அக்கா என் பக்கம் திரும்பினார்.

"யாரு?"

நான் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாட்டிக்கொண்டிருந்தேன். மணமகள் வீட்டார் பன்னிரண்டாவது தடவையாக நிறம் மாற்றச் சொல்லியிருந்தார்கள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "அப்பா" என்றேன். கை மவுஸில் இருந்தது. மீசைக்குப் போகவில்லை.

"யாரு?"

"அதான் சொல்லிட்டேன்ல! சும்மா சும்மா கேக்காதீங்க லா!"

அந்த மனிதர் முன்னால் அக்கா பேனாவை மூடி வைக்கவில்லை. பிடிவாதம் பிடிக்கவில்லை. சாவு வீட்டாரை இழுத்தடிக்கக்கூடாது என்று நான்தானே சொல்லி வைத்திருந்தேன். குனிந்து எழுதிக்கொண்டார். அந்தச் சீட்டு என் மேசைக்கு வந்தது. 'அம்மா' என்று இருந்தது.

நான் அதைப் பார்த்து அம்மாவுக்கான மாதிரியைத் திறந்தேன். அந்த மகன் வாட்சப்பில் அனுப்பிய பெயரைப் போட்டேன், படத்தைப் போட்டேன். படத்தில் இருந்தவருக்குக் கட்டை மீசை. 'எங்கள் அன்புத் தாயார்' என்ற எழுத்துக்கு நேர் கீழே அந்த மீசையை நானே கையால் இழுத்துக் கொண்டுபோய் வைத்தேன். என் கண்ணில் படவில்லை. அவசரம் என்று வீட்டாரிடம் காட்டாமல் பாஸே பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவர் கண்ணிலும் படவில்லை. இருநூறு கார்டு அடித்து முடிந்தது.

வாங்கிப் போக அந்த மகன் வந்தபோது கூடவே ஓர் அம்மாவும் வந்தார். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. அவர்தான் கட்டைப் பிரித்து ஒரு கார்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு பாஸைப் பார்த்து, "என்னா ஐயா, என்னையும் சேத்து அனுப்பிட்டீங்களா?" என்றார்.

மகன் கத்தினார். கத்த வேண்டியதுதான். பாஸ் கை கூப்பினார். அன்றைக்கே வேறு அடித்து வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். அப்புறம் கவுண்டர் பக்கம் கை நீட்டி, "மன்னிச்சிருங்க சார், அவங்களுக்குக் காது கேக்காது" என்றார்.

மூன்று பேர் கையைத் தாண்டி வந்த தவறு. அதில் இரண்டு பேருக்குக் காதும் கண்ணும் நன்றாக இருந்தன. பழி மட்டும் கேட்காத காதின்மேல் விழுந்தது. நான் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவள் மாதிரி நின்றேன். அக்கா அந்த மகனிடம் போய், "மன்னிச்சிருங்க தம்பி" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. போனை என் மேசையில் வைப்பார், நான் எழுதிக் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொள்வார். நானும் நிம்மதியாக வேலை பார்த்தேன் என்று சொல்ல ஆசை. ஒரு வேலையும் ஓடவில்லை.

சனிக்கிழமை பாஸ் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"திங்கக்கெழமையிலேருந்து கவுண்டர நீ பாத்துக்க. டிசைனுக்கு வேற ஆள் வருது. அக்கா பின்னாடி கார்டு மடிக்கப் போகட்டும். செவிட வச்சுக்கிட்டு எவ்வளவு நாள் லா கட நடத்துறது? நீயே அவங்ககிட்ட சொல்லிரு. கத்துறதுக்கு எனக்குத் தொண்ட இல்ல."

பின்னாடி என்றால் காகிதம் வெட்டும் மிஷின் இருக்கும் இடம். அந்த இரைச்சலில் அக்காவின் காது மிஷினைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கழற்றினால் ஒன்றும் கிடையாது. காலையிலிருந்து மாலைவரை யாரும் அவரிடம் பேசமுடியாது, அவரும் யாரையும் கேட்கமுடியாது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

"பாஸ் எதுக்குக் கூப்ட்டாரு?" என்றார் அக்கா.

அந்த 'ஒன்னுமில்ல' என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"திங்கக்கெழமையிலேருந்து நீங்க பின்னாடி மடிக்கிற வேலக்கி போவணுமாம். உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்க்கா."

"ரெஸ்ட்டுன்னு அவரு சொன்னாரா, நீ சொல்றியா?"

"...நான் சொல்றேன்."

"அவரு சொன்னத அப்படியே சொல்லு."

சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்து, வெளிச்சத்தில் நின்று, முழுவதையும் சொன்னேன். 'செவிட' என்ற இடத்தில் மட்டும் உதட்டை அசைக்காமல் மென்று விழுங்கினேன்.

"அந்த வார்த்த தெரியல. திருப்பிச் சொல்லு."

"வேணாம்க்கா."

"சொல்லு."

திருப்பிச் சொன்னேன். தெளிவாக. என் வாழ்க்கையில் நான் சொன்ன ஆக அசிங்கமான சொல் அதுதான், அதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாகிவிட்டது. அக்காவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்ததைக் கேட்டார்.

"அதுக்கு நீ என்னா சொன்ன?"

"ஒன்னும் சொல்லலக்கா."

கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதாவது வருமா என்று. பிறகு, "ஒரு வாரமா ஒன்னு யோசிக்கிறேன்" என்றார். "அன்னிக்கு நீ அப்பான்னு சொன்னியா, அம்மான்னு சொன்னியா? நான் தப்பாப் பாத்தேனா, நீ தப்பாச் சொன்னியா? எனக்குத் தெரியல. எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு அழுகை வந்தது. அழுதால் வாய் கோணும், அவருக்குத் தெரியாது என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

"அப்பான்னுதான் சொன்னேன். ஒங்களப் பாக்காம சொன்னேன். மீச காட்டல. ரெண்டாவது தடவ கேட்டீங்க, எரிஞ்சு விழுந்தேன். கார்டு போடும்போது படத்தக்கூடப் பாக்கல. எல்லாம் என் தப்புக்கா."

"இத அவருகிட்ட சொல்லு."

"இப்பவா?"

"பின்ன, தீபாவளிக்கா?"

முன்னால் அவர் நடந்தார். பாஸ் அறைக்குள் போய், பாஸ் முகமும் என் முகமும் தெரிகிற மாதிரி மூலையில் நின்றுகொண்டார். நான் சொன்னேன். அப்பா என்றபோது மீசையைத் தடவினேன், பாஸுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்து. பாஸ் போனை நோண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, விடு" என்றார் என்னிடம், நிமிராமல். "உன் மேலயும் தப்பு, என் மேலயும் தப்பு. கையெழுத்துப் போட்டது நான்தானே. அதுக்குன்னு கஸ்டமரு கஷ்டப்படணுமா? நாளைக்கி இன்னொருத்தன் வந்து கத்துவான். நான் சொன்னத அவங்ககிட்ட சொல்லிட்டியா, இல்லியா?"

அந்த 'அவங்க' இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னா சொல்றாரு?" என்றார் அக்கா என்னிடம்.

மூன்று வருடமாக இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டவள் நான். அன்றைக்கும் கோபம் வந்தது, முதல்முறையாக வேறு ஆள்மேல்.

"பாஸ், அக்கா இங்கதான் நிக்கிறாங்க. நீங்களே சொல்லுங்க. முகத்தப் பாத்து, மெதுவா."

பாஸ் போனைக் கீழே வைத்தார். அக்காவைப் பார்த்தார். கடை திறந்த நாளிலிருந்து அங்கே வேலை பார்க்கிறவர் அக்கா. என்னிடம் ஒரே மூச்சில் சொன்னது இப்போது வரவில்லை.

"அக்கா... திங்கக்கெழமையிலேருந்து நீங்க..."

"திங்கக்கெழமையிலேருந்து நான்?"

"பின்னாடி... மடிக்கிற வேல பாருங்க."

அவ்வளவுதான் வந்தது. அந்த இன்னொரு சொல் வரவேயில்லை. அக்கா காத்துக்கொண்டிருந்தார். வேறு எதுவும் வராது என்று உறுதியான பிறகு பேசினார்.

"இப்பதான் பாஸ் நீங்க என்கிட்ட சொல்லியிருக்கீங்க. அவகிட்ட சொன்னதுக்கு நான் எப்படிப் பதில் சொல்றது? இப்ப சொல்றேன். நான் போகமாட்டேன்."

பாஸ் என்னைப் பார்த்தார், நான் நடுவில் புகுந்து ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்பதுபோல. நான் சமாளிக்கவில்லை. "ஒக்காருங்க அக்கா" என்றார் கடைசியில், அக்காவைப் பார்த்து, நாற்காலியைக் காட்டி. அக்கா உட்கார்ந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

கவுண்டரில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் வந்து நின்றிருந்தார். ஆள் இல்லாத நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஆர்டர் குடுக்கணும். நீங்க எடுப்பீங்களா?"

"கொஞ்சம் இருங்க அங்கிள்" என்றேன். "பேசிக்கிட்டு இருக்காங்க. அக்கா வந்துருவாங்க."